பூட்டிய ஷெட்டுக்குள் சாய்ந்த கார்

"நேத்து ராத்திரி நிமிந்து நின்ன கார் மேடம். காலையில வெளிய எடுத்துப் பாத்தா சாஞ்சு நிக்குது."

சொன்னதோடு நிற்காமல் ஆண்டனிராஜ் தன் கழுத்தையும் அதே அளவுக்குச் சாய்த்துக் காட்டினார். அவர் இடுப்பில் தேங்காய் அளவுக்கு ஒரு சாவிக்கொத்து. திண்டுக்கல்லில் மூன்று தலைமுறையாகப் பூட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பம். அவர் தும்மினால்கூட ஊரில் நாலு பேர் வீட்டுக் கதவைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

நாகல் நகரில் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தது இளவேனிலின் துப்பறியும் நிலையம். கீழே தையல் இயந்திரங்கள் ஓடும்போதெல்லாம் மேலே மேஜை நடுங்கும். அதற்குப் பழகிப்போன இளவேனில், தேநீர்க் கோப்பையை ஒரு கையால் பிடித்தபடியே கேட்டாள்.

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"அதான் மேடம் புரியல. திங்கக்கிழமை இடது பக்கம். செவ்வாக்கிழமை வலது பக்கம். நேத்து மறுபடி இடது. இன்னைக்கு வலது."

"நம்ம ஊர்ல காரும் கட்சி மாற ஆரம்பிச்சிருச்சுக்கா" என்றான் ஆல்வின்.

ஆல்வின் இளவேனிலின் உதவியாளன். வயது இருபத்தெட்டு. சம்பளம் கேட்க மறந்தாலும் மறப்பான், வாயைத் திறக்க மறக்க மாட்டான்.

"ஏலே, செத்த நேரம் சும்மா இரு. நீங்க சொல்லுங்கண்ணே. ராத்திரி கார் எங்க நிக்கும்?"

"எரியோட்டுப் பக்கம் எங்க தோட்டத்து ஷெட்டுல. ஒரே கதவு. அதுல அஞ்சு பூட்டு. அஞ்சும் எங்க கடைப் பூட்டு. அஞ்சு சாவியும் இந்தா இங்க இருக்கு." அவர் இடுப்பைத் தட்ட, கோயில் மணி போலக் கலகலத்தது. "கதவுக்கு வெளியே கட்டிலைப் போட்டு நானே படுத்துக்கிறேன். கேமராவும் மாட்டிட்டேன்."

"கேமராவுல என்ன தெரியுது?"

"நான் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறது மட்டும்தான் தெரியுது."

"பேயா இருக்குமோ?" என்றான் ஆல்வின். "ஆனா பேய்க்கு ஸ்பானர் சைஸ் தெரியுமாக்கா?"

ஆண்டனிராஜ் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரைத் துடைக்கிற துணி அது.

"காலேஜ் படிக்கையில இருந்து ஆசை மேடம், ரெண்டு பேர் உக்கார்ற ஸ்போர்ட்ஸ் கார். பழசுதான், கோயம்புத்தூர்ல வாங்கினேன். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அது நிமிந்து நிக்கலைன்னா, பாதி விலைக்குக் கேரேஜ்காரர் மோகன்குமாருக்குக் கொடுத்துர்றேன்னு எம் பொண்டாட்டிகிட்ட பைபிள் மேல கை வச்சுச் சொல்லிட்டேன். அவர் அஞ்சு மணிக்கு வீட்டுக்கே வாரார்."

இளவேனில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"காரைக் காட்டுங்க."

*

கார் கீழே தையல் கடை வாசலில் நின்றது. பழுத்த எலுமிச்சை நிறம். உயரம் இடுப்பளவுகூட இல்லை. துணி தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் அதற்குள் ஆள் எப்படி நுழைவார் என்று வியந்துகொண்டிருந்தார்கள்.

இளவேனில் குனிந்து, முன் டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் மட்காடுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தாள். இடது பக்கம் நாலு விரல் தாராளமாகப் போயிற்று. வலது பக்கம் இரண்டு விரல்தான் போயிற்று. பின் டயர்களிலும் அதே கதை.

"வலது பக்கம் பூரா ரெண்டு விரல் இறங்கியிருக்கு. பிரமை இல்ல. சரி, இதுல என்ன மாத்துனீங்க?"

அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல ஆண்டனிராஜ் மலர்ந்தார். அழுத கண் அப்படியே இருக்க, வாய் மட்டும் உற்சாகமாயிற்று.

"சஸ்பென்ஷன் மேடம்! பழைய ஷாக் அப்சார்பர் எல்லாம் செத்துப்போச்சு. வேகத்தடைல ஏறுனா வயிறு தட்டும், வளைவுல திரும்புனா தொட்டில் மாதிரி ஆடும். அதைக் கழட்டிட்டு நாலு சக்கரத்துக்கும் காயில்ஓவர் போட்டேன்."

"மனுசங்களுக்குப் புரியற மாதிரி" என்றான் ஆல்வின்.

"ஒரு குழாய். அதுமேல போல்ட்டுல இருக்கிற மாதிரி மரை. மரையில ஒரு வளையம் ஏறி இறங்கும். வளையத்து மேல ஸ்பிரிங் உக்காந்திருக்கும், ஸ்பிரிங் மேல கார் உக்காந்திருக்கும். வளையத்த மேல திருகுனா கார் அந்த மூலையில உசரும். கீழ திருகுனா இறங்கும். அம்புட்டுத்தான்!"

விஷயம் உண்மையில் அவ்வளவு எளிது. நாலு காலுக்கும் தனித்தனியாக உயரம் மாற்றக்கூடிய ஒரு கட்டிலை நினைத்துக்கொண்டால் போதும். சக்கரம் மேலே எகிறும்போது ஸ்பிரிங் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். வாங்கியதும் அது பந்து போலத் துள்ளிக்கொண்டே இருக்காமல் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் பிடித்து நிறுத்தும்.

"இதுக்குக் கேரேஜ்ல எம்புட்டுக் கேட்டாக?" என்றாள் இளவேனில்.

"காயில்ஓவர் செட்டு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதை யார் மாட்டுனாலும் அதே விலை. மாட்டி, மட்டம் பாத்துத் தர மோகன்குமார் நாப்பத்தஞ்சாயிரம் கேட்டார். ஜாக்கி, ஸ்டாண்டு, வளையம் திருகுற கொக்கி ஸ்பானர் எல்லாம் நானே வாங்குனா பதினெட்டாயிரம். சாமானும் நமக்கே மிஞ்சும். வீடியோ பாத்து ரெண்டு ஞாயித்துக்கிழமைல மாட்டிட்டேன். இருபத்தேழாயிரம் லாபம் மேடம்!"

"அப்புறம் அஞ்சு பூட்டு, கேமரா, கட்டில், எங்க ஃபீஸ்" என்று விரல் மடக்கினான் ஆல்வின். "லாபம் வேகமா ரிவர்ஸ்ல வருதுண்ணே."

இளவேனில் அவன் விரல்களைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். "வளையத்தத் திருகுனாத்தான் உயரம் மாறும். திருக ஆள் வேணும், கொக்கி ஸ்பானர் வேணும், கார் கெட்டுப்போறதுல லாபமும் வேணும். இந்த மூணும் யார்கிட்ட இருக்கு?"

"மோகன்குமார்" என்றார் ஆண்டனிராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு.

*

கார் இரண்டு பேர் உட்காரக்கூடியது என்பதால் ஆல்வின் தன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். கரூர் ரோட்டில் மில் பஸ்கள் புழுதி கிளப்பிப் போனதில், கேரேஜ் வாசலில் இறங்கும்போது அவன் மீசை செம்பட்டையாக மாறியிருந்தது.

"அக்கா, ஸ்போர்ட்ஸ் கார்ல காத்து எப்படி?"

"ஜன்னல் மூடியிருந்துச்சு. ஏசி."

"நல்லா இருங்க."

மோகன்குமாரின் கேரேஜ் பெரியது. தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. இரண்டு கார்கள் அந்தரத்தில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தன. உள்ளேயிருந்து வந்த மோகன்குமாருக்கு வயது நாற்பது இருக்கும். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய சிரிப்பு. வலது கை விரல் நுனியிலிருந்து முழங்கை தாண்டி மாவுக்கட்டு.

ஆண்டனிராஜின் முகம் தொங்கிப்போனது. இளவேனிலின் பார்வை கட்டின் மேலேயே நின்றது.

"இது எப்பண்ணே?"

"போன வியாழக்கிழமை. அய்யலூர் சந்தைக்குக் கிடா வாங்கப் போனேன். பல்லப் பிடிச்சுப் பாருங்கன்னான் யாவாரி. பாத்தேன். அது கிடாவுக்குப் பிடிக்கல." மோகன்குமார் கட்டை வருத்தத்தோடு பார்த்தார். "எந்திரிச்சுப் பாக்குறப்ப நான் பக்கத்துக் கடை கூடைக்குள்ள கெடக்கேன்."

"கிடாவை வாங்குனீங்களா?" என்றான் ஆல்வின்.

"வாங்காம? கோவத்துல ரெண்டு மடங்கு கொடுத்து வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை குழம்பு வச்சாத்தான் மனசு ஆறுச்சு."

"உங்க ஆளுங்க யாராவது ராத்திரி எரியோட்டுப் பக்கம்..."

மோகன்குமார் பெரிதாகச் சிரித்தார். "எங்க பயலுக ஆறு மணிக்கு மேல ஒரு நட்டைத் தொடச் சொன்னா என்னையத் திருகிருவாய்ங்க. மேடம், நேராவே கேக்குறீங்க, நேராவே சொல்றேன். எனக்கு அந்தக் கார் மேல ஆசை. பாதி விலைக்குக் கெடைச்சா விடுவேனா? ஆனா அதைக் கெடுத்து வாங்குனா மறுபடி நாமதான சரி பண்ணணும்? யாராச்சும் தான் சாப்பிடப்போற சோத்துல மண்ணள்ளிப் போடுவானா?"

சொன்னது நியாயமாக இருந்தது. துப்பறிவாளர்களுக்கு நியாயம் எப்போதும் எரிச்சல் தரும்.

"அண்ணே, அஞ்சு மணிக்கு வந்துர்றேன்" என்று ஆண்டனிராஜின் தோளை இடது கையால் தட்டினார் மோகன்குமார். "நிமிந்து நின்னுச்சுன்னா கை குலுக்கிட்டுப் போறேன். சாஞ்சு நின்னுச்சுன்னா சாவியோட போறேன். ரெண்டுக்கும் இந்த இடது கை போதும்."

வெளியே வந்ததும் ஆல்வின் காதருகே கிசுகிசுத்தான். "ஒரே ஒரு ஆள் மேல சந்தேகம். அவரையும் ஒரு ஆடு வந்து நிரபராதி ஆக்கிருச்சேக்கா."

இளவேனில் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு ஆண்டனிராஜிடம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்குறேன். தினமும் ராத்திரி ஷெட்டுக்குள்ள போய் அதை நிமித்துறீங்க. நிமிந்துருச்சுன்னு எதை வச்சு முடிவு பண்றீங்க?"

"ரசமட்டம் வச்சுத்தான். கொத்தனார் வச்சிருப்பாகள்ல, நடுவுல தண்ணிக்குள்ள ஒரு குமிழி ஓடுமே, அது. பானெட் மேல குறுக்க வைப்பேன். குமிழி நட்ட நடுவுல நிக்கிற வரைக்கும் வளையத்தத் திருகுவேன். கண்ணு பொய் சொல்லும் மேடம், குமிழி பொய் சொல்லாது."

"திங்கக்கிழமை இடது சாஞ்சுச்சு. அன்னைக்கு ராத்திரி நிமித்துனீங்க. செவ்வாக்கிழமை வலது. நடுவுல வேற எதையாச்சும் மாத்துனீங்களா?"

ஆண்டனிராஜ் பெருமையோடு மார்பை நிமிர்த்தினார். "பின்ன? கள்ளனை ஏமாத்த வேணாமா? முத நாள் காரை மூக்கு உள்ள இருக்கிற மாதிரி விட்டேன். இடது பக்கம் கெடுத்துட்டான். சரின்னு மறுநாள் ரிவர்ஸ்ல விட்டு, மூக்கு கதவப் பாத்து நிக்க வச்சேன். வலது பக்கம் கெடுத்துட்டான். அதுக்கு மறுநாள் மூக்கு உள்ள. இப்பிடியே மாத்தி மாத்தி வைக்கிறேன். அவனும் மாத்தி மாத்திக் கெடுக்கிறான். பயங்கரமான புத்திசாலி மேடம் அவன்!"

இளவேனிலின் உதட்டோரம் மெல்ல ஒரு சிரிப்பு கிளம்பியது. அவளோடு நாலு வருடம் வேலை பார்த்த ஆல்வினுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். உடனே ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினான்.

"ஷெட்டுக்குப் போவோம்" என்றாள் அவள். "ஆளைப் பிடிச்சிரலாம்."

*

எரியோட்டைத் தாண்டி முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே வீடு. வீட்டுக்குப் பின்னால் நீளமான, சுண்ணாம்பு அடித்த ஷெட். ஜன்னல்கள் முழங்கால் உயரத்தில் இருந்தன. கதவில் ஐந்து பூட்டுகள் குடும்பப் புகைப்படம் மாதிரி பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் தொங்கின.

ஆண்டனிராஜின் மனைவி மரியசெல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் முருங்கைக்கீரை. பார்வையில் வேறு என்னவோ.

"வாங்க மேடம். வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க. இந்த மனுசன் ஒரு வாரமாக் கட்டினவள விட்டுட்டுக் காருக்குக் காவல் படுக்குறார். கார் சாஞ்சிருக்கோ இல்லையோ, இவருக்குப் புத்தி நல்லாச் சாஞ்சிருச்சு."

"செல்வி, வெளி ஆளுங்க முன்னாடி..."

"பனியில படுத்து இருமிக்கிட்டுக் கெடக்கீங்களே, அதை உள்ள ஆளுங்க முன்னாடியா செய்றீங்க? ரோட்டுல போறவுக எல்லாம் பாத்துட்டுத்தான் போறாக. அஞ்சு மணிக்கு அந்தக் கார் போயிரணும். இல்ல, நிமிந்து நிக்கணும். எனக்கு எதுனாலும் சரி. நீங்க வீட்டுக்குள்ள வந்து படுக்கணும்."

மோரைக் குடித்த இளவேனில் வேலையை ஆரம்பித்தாள்.

"நேத்து ராத்திரி எப்பிடி நிறுத்துனீங்க?"

"ரிவர்ஸ்ல. மூக்கு கதவப் பாத்து."

"அதே மாதிரி இப்ப நிறுத்துங்க. எதையும் திருக வேணாம்."

ஐந்து பூட்டுகளையும் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மஞ்சள் கார் பின்னோக்கி நகர்ந்து ஷெட்டுக்குள் நுழைந்தது. ஆண்டனிராஜ் இறங்கி, ரசமட்டத்தை எடுத்து, பானெட்டின் குறுக்கே வைத்தார்.

குமிழி அசைந்தது. தயங்கியது. நட்ட நடுவில் வந்து நின்றது.

"அய்யய்யோ!" ஆண்டனிராஜ் ஓரடி பின்வாங்கினார். "நிமிந்துருச்சு! யாருமே தொடலையே! இப்ப வரைக்கும் ரோட்டுல சாஞ்சுக்கிட்டுத்தான வந்துச்சு?"

மரியசெல்வி சிலுவை போட்டுக்கொண்டாள். ஆல்வின் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"பயந்தா வீட்டுக்குப் போயிரு" என்றாள் இளவேனில்.

"பயமெல்லாம் இல்லக்கா. காத்து வாங்குறேன்."

"இப்ப வெளிய எடுத்து, மூக்கு உள்ள இருக்கிற மாதிரி விடுங்க."

கார் வெளியே போய், திரும்பி, முகத்தை உள்ளே நீட்டியபடி வந்தது. மீண்டும் ரசமட்டம். இந்த முறை குமிழி தயங்கவே இல்லை. ஒரே ஓட்டமாக ஓடி இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. குமிழி எப்போதும் உயரமான பக்கம்தான் போகும். அப்படியென்றால் வலது பக்கம் படு கீழே இருக்கிறது.

"ரோட்டுல ரெண்டு விரல்தான் சாஞ்சிருந்துச்சு" என்று முணுமுணுத்தார் ஆண்டனிராஜ். "இப்ப நாலு விரல் இருக்கும் போலயே!"

"ஆல்வின், கீழ போய் வலது பக்க வளையத்துல புதுசா ஸ்பானர் கீறல் இருக்கான்னு பாரு."

காருக்கு அடியில் நுழைவதற்கு ஆண்டனிராஜ் ஒரு சக்கரப் பலகை செய்து வைத்திருந்தார். வேடசந்தூர் மில்லில் கழித்துப்போட்ட பேரிங்குகளைப் பலகைக்கு அடியில் பொருத்திய சொந்தத் தயாரிப்பு. அதில் மல்லாந்து படுத்த ஆல்வின் டார்ச்சோடு காருக்கு அடியில் போனான். தலை மறைந்தது. வயிறு மறைந்தது. குரல் மட்டும் வந்தது.

"புதுக் கீறல் ஒண்ணும் இல்லக்கா. எல்லாத்துலயும் ஒரே ஆள் திருகுன தடம்தான்... அக்கா?"

"என்ன?"

"என்னைய யாரோ இழுக்குறாங்க."

"யாரும் இழுக்கல."

"இல்லக்கா, இழுக்குறாங்க! மெதுவா, மரியாதையா இழுக்குறாங்க! அக்கா!"

காரின் வலது பக்க அடியிலிருந்து முதலில் ஆல்வினின் தலை வந்தது. பிறகு பிதுங்கிய கண்கள். பிறகு முழு ஆல்வினும், கையைக் காலை அசைக்காமல், பலகையோடு உருண்டு மேற்குச் சுவரை நோக்கி நிதானமாகப் போய், அங்கே அடுக்கியிருந்த சாக்குகளில் தலை முட்டி நின்றான்.

வெளியே ஒரு மயில் கத்தியது.

ஆல்வினை இறக்கிவிட்டு, இளவேனில் பலகையை எடுத்து வந்து காருக்கு இந்தப் பக்கம் வைத்து மெல்லத் தட்டினாள். அது நேராக அதே சுவருக்குப் போயிற்று. திருப்பி வைத்தாள். அப்போதும் அதே சுவர். அவள் போய் அந்தச் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். அடியில், சுவர் நெடுக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் ஓடியது. அதன் கடைசியில் சுவரில் ஒரு ஓட்டை.

"குற்றவாளி கெடைச்சிட்டார்" என்று கையைத் தட்டினாள் இளவேனில்.

"யாரு மேடம்?" ஆண்டனிராஜ் கொக்கி ஸ்பானரை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"உங்க மாமனார்."

ஸ்பானர் அந்தரத்தில் நின்றது. மரியசெல்வியின் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

"எங்கப்பாவா? எங்கப்பா செத்து எட்டு வருசமாச்சு மேடம்!"

"அதான் பூட்டைத் தொறக்காம உள்ள வந்துட்டார்" என்றான் ஆல்வின், சாக்குக்கு நடுவிலிருந்தபடியே.

"இந்த ஷெட்டைக் கட்டுனது அவர்தான?" என்று கேட்டாள் இளவேனில்.

"அவரேதான். ஆட்டு யாவாரி சவரிமுத்துன்னா அய்யலூர் சந்தையில தெரியாத ஆள் இல்ல. வாரா வாரம் சந்தையில பிடிச்ச ஆடுக பூரா இங்கதான் நிக்கும்."

"ஆட்டுக் கொட்டகைத் தரை எப்பிடிப் போடுவாக?"

மரியசெல்வி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"சரிவா" என்றாள். "ஒரு பக்கமா வாட்டம் வச்சுத்தான் போடுவாக. ஆட்டு மூத்திரம் தேங்கக்கூடாது, தேங்குனா குளம்பு அழுகிரும். எங்கப்பா கூடவே நின்னு கொத்தனாரைக் கத்திக் கத்தி வாட்டம் வைக்கச் சொன்னார். எங்க கொட்டகை ஆட்டுக்கு ஒரு நாள் குளம்பு நோவு வந்ததில்ல மேடம்!"

"வந்திருக்காது. அருமையான வாட்டம். பாத்தா கண்ணுக்கே தெரியாது. கார் அகலத்துக்கு ரெண்டு விரல்தான் இறக்கம்." இளவேனில் ஆண்டனிராஜின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, குமிழி பொய் சொல்லல. கார் நேரா இருக்குன்னு அது சொன்னது நெசம். ஆனா தரை சாஞ்சிருக்கான்னு நீங்க அதுகிட்ட கேக்கவே இல்ல. மூக்கு உள்ள விட்டா உங்க வலது பக்கம் மேற்குச் சுவர். அது பள்ளம். பள்ளத்த ஈடுகட்ட வலது பக்கத்த ரெண்டு விரல் ஒசத்துனீங்க. உள்ள நேரா நின்னுச்சு. மறுநாள் இந்தச் சரிவு இல்லாத ரோட்டுக்குப் போனதும், ஒசந்த பக்கம் ஒசந்தே நிக்க, கார் இடது சாஞ்சுருச்சு. ராத்திரி திருப்பி விட்டீங்க. இப்ப இடது பக்கம் பள்ளம். அதை ஒசத்துனீங்க. மறுநாள் வலது சாஞ்சுச்சு."

"அப்ப... கள்ளன்?"

"இல்ல."

"அஞ்சு பூட்டையும் மீறி வந்த புத்திசாலி?"

"தினமும் ராத்திரி கொக்கி ஸ்பானரோட இங்க வந்தது ஒரே ஒரு ஆள்தான்" என்றாள் இளவேனில். "சாவி அவர் இடுப்புலதான் இருக்கு."

ஆண்டனிராஜ் ஸ்பானரைப் பார்த்தார். சாவிக்கொத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மரியசெல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"எங்க பூட்டு?" என்றார் அவர் திடீரென்று.

"அதை யாராலயும் ஒடைக்க முடியலண்ணே" என்றான் ஆல்வின். "விளம்பரத்துலயே போடலாம்."

ஆண்டனிராஜும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை கைக்கடிகாரத்தின் மேல் விழ, சிரிப்பு நின்றது.

"மேடம், மூணரை! இந்த ஊர்ல சமதளத்துக்கு எங்க போவேன்? வாசல்ல மழைத்தண்ணி வடிய வாட்டம் வச்சிருக்கு. சர்ச் மைதானத்துலயும் வாட்டம்தான். கேரேஜ் தரை மட்டும்தான் சமம். அங்க போனா..."

"அங்க போனா அந்தத் தரைக்குத்தான் நாப்பத்தஞ்சாயிரம்" என்றாள் இளவேனில். "வீட்டுல மிஞ்சுன டைல்ஸ் இருக்கா?"

*

மோகன்குமார் அஞ்சு மணிக்கு வந்தபோது மஞ்சள் கார் தார் ரோட்டில் நின்றது. பக்கத்தில் ஆண்டனிராஜ் உடம்பெல்லாம் கிரீஸோடு நின்றார். ஆல்வின் தலையில் ஒரு புடைப்பு. மரியசெல்வி மட்டும் புதுச் சேலை கட்டி, காரின் இடது பக்கக் கதவருகே தயாராக நின்றிருந்தாள்.

மோகன்குமார் குனிந்து, இடது கை விரல்களை முன் டயர் இரண்டுக்கும் மேலே நுழைத்துப் பார்த்தார். மூன்று விரல், மூன்று விரல். பின்னால் போய்ப் பார்த்தார். மூன்று விரல், மூன்று விரல். சாவியை வாங்கி ஆண்டனிராஜைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மெதுவாக ஓட்டினார். நேரான இடத்தில் கையை எடுத்தார். கார் கோடு போட்ட மாதிரி போயிற்று. வேகத்தடையில் ஏறி, வயிறு தட்டாமல், ஒரே ஒரு முறை அமுங்கி எழுந்தது.

திரும்பி வந்து இறங்கியவர் முகத்தில் ஏமாற்றமும் பூரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"நல்ல வண்டி. கெடைக்காமப் போச்சு." இடது கையை நீட்டினார். ஆண்டனிராஜ் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "செஞ்சது யாருண்ணே?"

"நானேதான்" என்றார் ஆண்டனிராஜ். "மேடம் சொன்னாக, நான் திருகுனேன்."

மரியசெல்வி கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். "வடமதுரை வரைக்கும் போயிட்டு வருவோம். வந்ததும் அந்தக் கட்டிலை எடுத்து வீட்டுக்குள்ள போடுங்க."

கார் முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் சமமாக, மஞ்சள் கோடாகப் போய் மறைந்தது.

மோகன்குமார் கொஞ்ச நேரம் அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இளவேனிலிடம் வந்து, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், தொழில்காரன் கேக்குறேன். ஷெட்டு பழைய ஆட்டுக் கொட்டகைன்னு அண்ணன் வண்டியில வர்றப்ப சொன்னார். அங்க எப்பிடி மட்டம் பாத்தீங்க?"

"டேப்பை வச்சு டயருக்கு மேல இருக்கிற இடைவெளிய அளந்தாலே போதுமேன்னு நானும் கேட்டேன்" என்றான் ஆல்வின். "திட்டு வாங்குனேன்."

"சரிவுல நின்னா எடை பள்ளத்துப் பக்கம் போகும், அந்தப் பக்க ஸ்பிரிங் கூடுதலா அமுங்கும். அப்ப அளவு தப்பாகும்" என்றாள் இளவேனில். "அதனால மொதல்ல காரை விட்டுட்டுத் தரையச் சரி பண்ணோம். கொத்தனார் வைக்கிற தண்ணி டியூப்தான். ஒரு நீளமான டியூப்ல தண்ணிய நெரப்புனா, ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே உயரத்துல நிக்கும். அதை வச்சு நாலு சக்கரம் நிக்கிற நாலு இடத்தையும் ஒப்பிட்டுப் பாத்து, பள்ளத்துப் பக்கம் ரெண்டு சக்கரத்துக்கும் அடியில, நாலு இடமும் ஒரே மட்டத்துக்கு வர்ற வரைக்கும் டைல்ஸை அடுக்குனோம். காரை அதுமேல ஏத்தி, ஒவ்வொரு தடவை வளையத்தத் திருகுன பின்னாடியும் கீழ இறக்கி, முன்ன பின்ன உருட்டி ஸ்பிரிங்கை உக்கார விட்டு, அப்புறம் அளந்தோம். நாலு டயருக்கு மேலயும் மூணு விரல் வந்ததும் நிறுத்திட்டோம்."